பச்சைக் கிளிக்கு சிவப்புப் பெஞ்சாதி

மாட்டை வாசல்ல கட்டி, கண்ணெதிர்லயே கறந்து குடுத்தாலும் பால்ல தண்ணி இருக்கான்னு மோந்து பாக்கிறவ எங்க அம்மா. அப்பேர்ப்பட்டவ வூட்டுக்குத்தான் என் அத்தை மகன் சிங்கப்பூர்லேருந்து ஒரு ஜோடிக் கிளி கொண்டாந்தாரு. ஐம்பதுகள்ல, கேளம்பாக்கத்துல எங்க அத்தா, அதான் எங்கப்பா, மளிகைக் கடை வெச்சிருந்த காலம் அது. எனக்கும் அவருக்கும் நிக்காஹ் பேசி முடிச்சாச்சு, தேதி குறிக்கிறதுதான் பாக்கி.

கூண்டு மேல போத்தியிருந்த துணிய அவரு விலக்கினதும் தெருவே வாயப் பொளந்துச்சு. ஒண்ணு நல்ல பச்சை, மூக்கு பழுத்த பனம்பழச் சதை நெறம். இன்னொண்ணு ரத்தச் சிவப்பு, வயித்துல கருநீலம், மூக்கு அடுப்புக்கரி. இறகு தனித்தனியா தெரியாம வெல்வெட்டுத் துணி மாதிரி படிஞ்சு கெடந்துச்சு.

"இன்னா தம்பி, ஜோடின்னியே? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லியே?"ன்னா அம்மா.

"ஒரே சாதிதான் மாமி. பச்சை ஆணு, சிவப்பு பொட்டை."

அவ்ளோதான், அம்மா மொகம் மாறிப்போச்சு. மயில்ல ஆணுதான் அழகு, கோழியில சேவலுக்குத்தான் கொண்டை. பொட்டை எங்கனா புருஷன விட மினுக்குமா? அவரு அந்தாண்ட போனதும் ஆரம்பிச்சா. "நம்ம காதுல பூ சுத்துறான். செய்யூர் பக்கம் பனமரப் பொந்துல புடிச்ச கிளிக்கு மூக்குல சாயம் பூசி ஜோடின்னு சொல்றான்." ஈரத்துணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பச்சைக்கிளி மூக்கைத் தேய்ச்சா. சாயம் போவல, கிளி கடிச்சு விரல்ல ரத்தம்தான் வந்துச்சு. அப்பவும் விடல. "சிங்கப்பூரு சாயம், லேசுல போவாது."

நெல்லு போடாதீங்க, உப்புக்காரம் போட்ட பண்டம் குடுக்காதீங்க, பப்பாளி, கொய்யாப்பழம், முளைகட்டின பயறு, முருங்கக்கீரை, ஒரு பச்சமொளகா குடுங்க, காலையில மேல கொஞ்சம் தண்ணி தெளிங்கன்னு அவரு சொல்லியிருந்தாரு. "நெல்லு திங்காத கிளியா?"ன்னு அம்மா ஒரு பிடி நெல்லை அள்ளிப் போட்டா. பச்சை ரெண்டு கொறிச்சிட்டுத் துப்புச்சு. "பாத்தியா, ஊர்க் கிளி!"ன்னா. கூண்டைக் கழுவி, பழம் நறுக்கி வைக்கிறது என் வேலை. ஒவ்வொரு தடவை கைய உள்ள வுடும்போதும் ஒரே நெனப்புதான். இது பொய்யின்னு ஆயிட்டா என் கல்யாணமும் போச்சே! அம்மா சொல்றாப்புல இருந்துடுமோன்னு நானும் அந்த மூக்கை உத்து உத்துப் பாப்பேன்.

அத்தாகிட்ட அம்மா கண்டிஷனா சொல்லிட்டா. "கிளிக்கே பொய் சொல்றவன், அங்க இன்னா வேலை பாக்கிறான், யாரோட கீறான், எதை நம்புறது?" தேதி தள்ளிப்போச்சு.

இது அவரு காதுக்கும் போச்சு. "குஞ்சு பொரிக்கட்டும் மாமி, அப்ப நம்புவீங்கல்ல?"ன்னாரு. ஏற வேண்டிய கப்பலை விட்டுட்டாரு. ரெண்டையும் பெரிய கூண்டுல ஒண்ணா விட்டு, பொந்து விழுந்த பனந்துண்டு ஒண்ணு கொண்டாந்து உள்ள கட்டினாரு.

அம்மா முக்காலிய எதிர்ல போட்டுக்கினு உக்காந்துட்டா. பச்சை தின்ன பப்பாளியக் கக்கி சிவப்புக்கு ஊட்டும்.

"நடிக்குது"ன்னா அம்மா.

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல எனக்கு. சிவப்பு ரெண்டு முட்டை போட்டுச்சு. "சேவல் இல்லாம கோழிகூடத்தான் போடும்." குஞ்சு வெளிய வந்துச்சு, தோலும் கண்ணுமா, பாக்கவே பாவமா. "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இறக்கை மொளைக்கட்டும், பாப்போம்."

மொளைச்சுது. ஒண்ணுக்குத் தலையில பச்சை, இன்னொண்ணுக்குச் சிவப்பு. அம்மா கண்ணாடியப் போட்டுப் பாத்தா, கழட்டித் தொடச்சிட்டுப் பாத்தா. கடைசியா, "சரி, தேதி வையுங்க"ன்னா. யா அல்லாஹ், அன்னிக்கு எனக்கு கால் தரையில நிக்கல.

அத்தா ஆள் அனுப்பி அவரை வரவழைச்சாரு. நான் கதவுத் திரைக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தேன். அவரு உக்காரல.

"மாமா, ஒரு கிளிக்கே கப்பலை விட்டுட்டு சாட்சி கொண்டாந்தேன். நாளைக்கு அங்கேருந்து நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் சாட்சிக்கு எங்க போவேன்? மன்னிச்சுக்குங்க. கிளிங்க இங்கியே இருக்கட்டும், அதுங்களுக்கு அந்தப் பொண்ணு கை பழகிப்போச்சு."

அவரு செருப்பை மாட்டிக்கினு தெருவுல எறங்கினதுதான் தாமதம், அம்மா என் பக்கம் திரும்பினா.

"பாத்தியா! நான் அப்பவே சொல்லல? அங்க எவளோ ஒருத்தி கீறா."

அதுவரைக்கும் அம்மாவ எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவ இல்ல நான்.

"இருந்தா, அவ குடுத்து வெச்சவம்மா!"ன்னு கத்தினேன்.