செம்பருத்தி இலையில் விழுந்த புள்ளி

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் காம்பவுண்டில் நான்கு வீடுகள். கேட்டை ஒட்டி ஆறு செம்பருத்திகளை வேலி மாதிரி நெருக்கி வைத்தது நான்தான். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். வந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்து, துறைமுகப் பக்கமிருந்து பறந்து வந்து இலையில் படிந்த கரித்தூள் போகும்வரை தலையோடு தண்ணீர் அடிப்பேன். எங்கள் பக்கத்தில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையே கறுத்துப்போகும்.

மழைக்காலம் முடிந்த சமயம், அடி இலைகளில் புள்ளிகள் தெரிந்தன. முதலில் கரி என்றுதான் நினைத்தேன். பிறகு புள்ளிகள் பழுப்பு வட்டங்களாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டின. இலைகள் உதிர ஆரம்பித்தன.

செடிகளுக்குப் பக்கத்தில்தான் கீழ்வீட்டு அக்கா துணி துவைக்கும் கல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்க சோப்புத் தண்ணியாலதான் செடியெல்லாம் வீணாப்போவுது."

"இன்னாம்மா சொல்றே? தண்ணி அந்தாண்ட சாக்கடைக்குப் போவுது. செடியாண்ட எங்க வருது?"

நான் விடவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் என் பக்கம் பேசினார்கள். மறுநாளிலிருந்து அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். முட்டி வலிக்காரர். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவார். என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதமாகியும் புள்ளி குறையவில்லை. இரண்டு செடிகள் மொட்டையாகிவிட்டன. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் செடி விற்க வந்தவரை நிறுத்தி, புதிதாக இரண்டு கேட்டேன். அவர் பழைய செடியைப் பார்த்தார். ஒரு இலையைப் பறித்து, விரலை நனைத்துத் தேய்த்தார்.

"கரின்னா கையில வந்துரும். இது இலைக்குள்ளயே கீது. பூஞ்சை நோய்மா."

"சோப்புத் தண்ணியால வருமா?"

"அது வேர்ல ஊறினா இலை ஓரம் கருகும். இப்டி வட்டம் வட்டமா வராது. நீ எப்போ தண்ணி ஊத்துறே?"

"சாயங்காலம். தலையோட."

"அப்போ ராத்திரி பூரா ஈரமா நிக்குது. நெருக்கமா வேற வச்சுக்கீறே, காத்து எப்டிப் போவும்? புதுசு வாங்கி இங்க வச்சாலும் இதே கதிதான்."

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, விற்க வந்தவர் விற்காமலே போய்விட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. தப்பு மொத்தமும் என்னுடையது.

உள்ளே போய் உட்கார மனமில்லை. நேராகக் கீழ்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, தப்பு என்னுதுதான். உங்க மேல பழி போட்டுட்டேன். கல்லுலயே துவைங்க."

அவர், "நான் அப்பவே சொன்னேன்ல? ஒரு மாசம் முட்டி பேஜாராப் போச்சு" என்றார். "வா, உள்ள வா" என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நான்தான் திரும்பி வந்தேன்.

அந்த வாரமே மொட்டையான இரண்டையும் வேரோடு எடுத்தேன். மிச்ச நான்கில் புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து, கீழே கிடந்த சருகையும் கூட்டி, குப்பை வண்டியில் போட்டேன். அதுவரை அந்தச் சருகைத்தான் எருவாகட்டும் என்று வேரில் குவித்துக்கொண்டிருந்தேன். நோயும் அங்கேயே தங்கியிருக்கிறது. உள்பக்கக் கிளைகளைக் கழித்தேன். ஒரு செடியை வெட்டி அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். தண்ணீர் இப்போது காலையில், வேருக்கு மட்டும். கரியைக் கழுவுவதானாலும் காலையில்தான். வெயில் ஏற ஏற இலை காய்ந்துவிடும்.

மூன்றாவது வாரம் துளிர் சுத்தமாக வந்தது. கீழ்வீட்டு அக்கா மறுபடி கல்லுக்கு வந்துவிட்டார். பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் நாளானது. ஒரு காலை, துணியை அலசிக்கொண்டே, "அந்தா, அடியில ஒரு இலை புள்ளியா கீது பாரு" என்றார். குனிந்து பறித்தேன்.