அறுபத்துமூன்று டன் ஸ்டிக்கர்

சமூகப்பணியில் முதுகலை முடித்து, தொழிலாளர் நலனுக்கு ஏதாவது செய்யலாம் என்ற நம்பிக்கையோடு ஒரகடத்தில் கனரகக் கிரேன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை, நிறுவனத்தின் வரலாற்றையும் தயாரிப்புகளையும் வழவழப்பான தாளில் ஒரு புத்தகமாக எழுதுவது. வரலாற்றால் யாருக்கும் கேடு வராது என்று கருதி ஏற்றுக்கொண்டேன்.

வரலாறு எளிதாக முடிந்தது. நிறுவனர் ஒரு தகரக் கொட்டகையில் தனி மனிதராகத் தொடங்கினார். பழைய புகைப்படங்களில் அவருக்குப் பக்கத்தில் கூட்டாளி ஒருவரும் நின்றிருந்தார். வரலாற்றில் அவர் தேவையில்லை என்றார் என் மேலாளர். 'வயல்களாக வீணாய்க் கிடந்த நிலம்' என்ற தொடரும் அவர் கொடுத்ததுதான். ஆண்டுதோறும் நெல் விளைந்த நிலம் எப்படி வீணாகும் என்று கேட்டேன்.

"அங்க ஒரு கிரேனாவது நின்னுச்சா மேடம்?" என்றார்.

தயாரிப்புகளில்தான் சிக்கல் வந்தது. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன்கள், திறந்தவெளியில் கால் ஊன்றி நகர்பவை, துறைமுகத்துக்கானவை என எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. அறுபத்துமூன்று டன் தூக்கும் கிரேன் மட்டும் வரைபடத்தைத் தாண்டிப் பிறக்கவே இல்லை. எனவே எங்கள் தொழிற்கூடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த நாற்பது டன் கிரேனின் மேல் '40' என்ற எண்ணை மறைத்து '63' என்று ஸ்டிக்கர் ஒட்டிப் படம் பிடித்தார்கள். படத்துக்கு மட்டும்தானே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அதற்குக் கம்பீரமான குறிப்பும் எழுதினேன். விருந்தினர் வருகிறார்கள் என்று ஸ்டிக்கரை விட்டுவைத்தார்கள். விருந்தினர் போன பிறகு, அதைப் பிய்க்க யாருக்கும் உத்தரவு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்தார். நாற்பத்தெட்டு டன் இரும்பு விட்டம் ஒன்றை அந்தக் கிரேனில் தூக்கச் சொன்னார். அதைப் பல ஆண்டுகளாக இயக்கிவரும் வாலாஜாபாத்துக்காரரான ஆபரேட்டர் மறுத்துவிட்டார். கூடமே கேட்கும்படி நடந்த பேச்சு அது.

"நாப்பது டன்னு கிரேன்ல நாப்பத்தெட்ட மாட்டச் சொல்றியே, இன்னா சார் இது?"

"மேல பாருய்யா. நம்பர் படிக்கத் தெரியாதா?"

"அது போட்டோ புடிக்க ஒட்னது சார். கீய ஆளுங்க நிக்கிறாங்க. வுயுந்தா நீயா வந்து பொறுக்குவ?"

கீழ்ப்படியாமைக்காக அன்றே அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அவருக்கு எதிரான ஆதாரம் ஒன்றே ஒன்று: நான் எழுதிய புத்தகத்தில் அந்த '63' படம் இருந்த பதினேழாம் பக்கம்.

விசாரணை நாளன்று யாரும் அழைக்காமலே அந்தக் குளிரூட்டிய அறைக்குள் போனேன். கிரேனின் மேலே ஏறி, தூக்கும் அளவு பொறித்த அதன் பெயர்த்தகட்டைப் பாருங்கள் என்று ஆபரேட்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகக் கூடத்து வேலையை நிறுத்த முடியாது என்றார் மனிதவள அதிகாரி. நூறு அடி நடந்து இரும்பைப் பார்ப்பதைவிட மேசை மேலிருந்த தாளை நம்புவது அவருக்குச் சிக்கனமாக இருந்தது.

"அந்தப் பக்கத்தை எழுதினது நான் சார். அது நாப்பது டன் கிரேன்தான்."

"அப்ப கம்பெனி புக் பொய் சொல்லுதா மேடம்?"

"ஆமா சார். பொய்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். ஐந்து வரிகள், கம்பீரமாக எதுவும் இல்லை.

மறுநாள் இருவருக்கும் கடிதம் வந்தது. ஆபரேட்டர் 'கருணை அடிப்படையில்' வேலைக்குத் திரும்பலாம். நான் நிறுவனத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவித்ததற்கு விளக்கம் தர வேண்டும். வாயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஆபரேட்டர் தன் கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"தப்பே பண்ணாதவனுக்குக் கருணையாம். உனுக்கு இன்னாம்மா போட்டுகீறான்?"

"விளக்கம் கேக்குறாங்கண்ணா. வேல போனாலும் போகும்."

"போவும்," என்றார் அவர், ஆறுதல் சொல்லும் பழக்கமே இல்லாதவராக. "இன்னொரு டீ சாப்டு."

அப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து ஒரு பெரிய கிரேன் மெல்ல ஊர்ந்து வந்து எங்கள் வாயிலில் திரும்பியது. அந்த நாற்பத்தெட்டு டன் விட்டத்தைத் தூக்க வாடகைக்கு அழைத்திருந்தார்கள். அதன் உடல் முழுவதும் எங்கள் போட்டி நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தது. காவலர் விறைப்பாக நின்று வழிவிட்டார். ஆபரேட்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, அதற்கு வழி காட்ட முன்னால் நடந்தார்.