கம்பங்காட்டில் நின்றது யார்?

என் மகள் இயந்திரத்துக்குக் கண் பழக்குகிறாள். கேமரா வைத்த ரோபோ ஒன்று காடு கரையென்று தானே நடந்துபோய், இது மரம், இது மாடு, இது மனுஷன் என்று கண்டுகொள்ள வேண்டுமாம். அதற்கு ஆயிரக்கணக்கில் படங்களைக் காட்டி, இன்னது இன்னதென்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

"வீட்டுக்குள்ள நல்லாத்தாம்மா பாக்குது. வெளிய போனா வெயிலு, நிழலு, பாதி மறைஞ்சு நிக்கிறதுன்னு எல்லாஞ் சேந்து ஏமாத்திருது. பொம்மையப் போயி ஆளுங்குது!" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யாரு யாரைக் குறை சொல்கிறது!

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழிப் பக்கம் எங்கள் கம்பங்காட்டில் கதிர் பால் பிடித்திருந்தது. மேட்டு வேப்பமரத்தடியில் அவளைத் தூங்கப்போட்டுவிட்டு, கீழே ஓடையோரம் ஆட்டுக்குப் புல் அறுத்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். காட்டு மூலையில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு வேறு.

நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் ஓடிவந்து கிணற்றில் குதித்தார். முங்கி முங்கித் தேடினார்.

"இங்கன இல்ல. அழுது தொலையாத, காட்டுக்குள்ள பாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

கம்பு என் தலைக்கு மேலே நின்றது. அதற்குள் எங்கே என்று தேடுவது? தாயீ, தாயீ என்று கத்திக்கொண்டே கதிரை முறித்துக்கொண்டு ஓடினேன். நடுக்காட்டில், குருவி விரட்ட நட்ட பொம்மையின் காலடியில் உட்கார்ந்திருந்தாள் மகராசி.

ஊரில் எல்லாரும் பொம்மைக்குச் சட்டைதான் மாட்டுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் சட்டையை நூல் நூலாகப் போகிறவரை விடமாட்டார். அதனால் அந்த வருஷம் என் பழைய மஞ்சள் சேலையைச் சுற்றி நிறுத்தியிருந்தேன். மேட்டிலிருந்து பார்த்தால் அதன் தலையும் தோளும் மட்டும் தெரியும். அம்மா நிற்கிறாள் என்று இறங்கி வந்திருக்கிறாள்!

அள்ளி எடுத்தேன். முதுகில் ஒன்று வைத்தேன், அந்தக் கையோடு முத்தமும் கொடுத்தேன். போன உயிர் திரும்பி வந்தது. அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எம்புட்டு நேரமாக் கூப்புடுறேன், நீ பேசவே மாட்டேங்குற!"

நான்தான் கோபத்தில் பேசாமல் நின்றேன் என்று நினைத்திருக்கிறாள். பேசாவிட்டாலும், பொம்மையில் சுற்றியிருந்த என் முந்தானையை விட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் போகவில்லை என் பிள்ளை.