ஸ்டெப்னியில் இருந்த காற்று

பழனி அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குக் கடை. விபூதி, பஞ்சாமிர்தம், சோடா, கலர். சாமி வந்து ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆடி முடித்ததும் நேரே எங்கள் கடைக்கு வந்து, சோடாவில் கேஸ் இல்லை என்று சண்டை போடுவார்கள். அப்படி வளர்ந்தவனிடம் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், இன்றைக்கும் வரும். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் தப்பில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடற்படையில் சிலிண்டர் கட்டி முக்குளிக்கப் படித்துவிட்டு, கொச்சியில் சில வருஷம் இருந்துவிட்டு, நான் ஊர் திரும்பியிருந்தேன். என்னோடு படித்த சவரிமுத்துவும் வந்துவிட்டான். அவன் பெருமாள்மலைக்காரன். பெல்ட் போட்ட இடுப்பில் அதற்கு மேல் ஒரு கயிறும் கட்டுகிற ஆள். சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி, டிராயர் பையில் இன்னொன்று. இத்தனைக்கும் பீடி குடிக்கமாட்டான். கேட்டால், "இருட்டு சொல்லிட்டா வருது?" என்பான்.

கொடைக்கானலில் பூம்பாறையைத் தாண்டி, போளூர்ப் பக்கம் மலைக்குள் ஒரு சின்ன அணை. பெயர் வேண்டாம். அதன் மதகுக் கதவில் மரங்கள் வந்து அடைத்துக்கொண்டு, கதவு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அதைச் சரி செய்ய ஒரு கான்ட்ராக்டர் எங்களைக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய சிலிண்டர்தான் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒருத்தன் உள்ளே போகும்போது மற்றவன் கயிறு பிடித்தால் போதுமே என்றார். மகா புத்திசாலி. சவரி பிடிவாதமாக நின்று, தனி வாய்க்குழாய் உள்ள ஒரு குட்டி சிலிண்டரையும் வரவழைத்தான். பெரியதில் காற்று தீர்ந்துபோனாலோ, அடைத்துக்கொண்டாலோ, இடுப்பின் இடது பக்கம் தொங்கும் குட்டியை எடுத்து வாயில் வைத்து மேலே வந்துவிடலாம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஸ்டெப்னி. ஜீப்புக்குப் பின்னால் தொங்குகிற உபரி டயரைச் சொல்வோம் இல்லையா, அதே பெயர்.

பெயர் வைத்தவனும் சவரிதான். அந்தப் பெயர்தான் அவனைத் தின்றது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவன் "ஸ்டெப்னி?" என்று கேட்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் "ஃபுல்" என்று சொன்ன பிறகுதான் முழுக வேண்டும். அன்றைக்கு நான் நடுவில் மிதவையில் கயிற்றோடு இருந்தேன். கரையில் ஜீப் டிரைவர் முத்தையா, வில்பட்டிக்காரன், நல்ல பையன், சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டியோரம் நின்றான். சவரி கழுத்தளவு தண்ணீரில் நின்று, "ஏலே, ஸ்டெப்னி?" என்று குரல் கொடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கரையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஃபுல்லா கெடக்குங்கண்ணே."

சவரி கட்டை விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே ஒரு மரம் புரண்டு அவன் காலை மதகோடு வைத்து அழுத்திவிட்டது. கயிறு துடித்த துடிப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. இன்னொரு சிலிண்டர் இருந்தால் நான் இறங்கியிருப்பேன். இல்லை. இழுத்தோம், எல்லோரும் சேர்ந்து இழுத்தோம், மரம் விட்டுக்கொடுத்து அவன் மேலே வந்தபோது குட்டி சிலிண்டரின் வாய்க்குழாயைப் பல்லால் கடித்தபடி இருந்தான். அதைப் பிரித்து எடுக்கவே பாடுபட வேண்டியிருந்தது. குட்டியைத் தட்டிப் பார்த்தேன். காலி.

அடக்கம் முடிந்த பிறகு முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"வண்டி ஸ்டெப்னியத்தான் கேக்குறாருன்னு நெனச்சுட்டேங்கண்ணே. சாயங்காலம் அவரு நம்ம வண்டியிலதான ஊருக்குப் போறதா இருந்தாரு. வெள்ளனே அந்த டயரு செத்துக் கெடந்துச்சு, கைப்பம்பும் ஒடஞ்சு போச்சு. மொதலாளிதான், சின்ன பாட்டில்ல காத்து சும்மாதான கெடக்கு, அதுல வெரசா ஏத்துடான்னாரு. மதகுச் சேத்த ஊதிவிட நீங்க வச்சிருந்த குழாய மாட்டி ஏத்தினேன். எனக்கு என்னங்க தெரியும்?"

கேட்டுக்கொண்டீர்களா? ஒரு மனுஷன் உயிருக்கென்று கட்டி வைத்திருந்த காற்று ஜீப் டயருக்குள் இருந்தது. அதுவும் ஓடுகிற டயருக்குக்கூட இல்லை, சும்மா தொங்குகிற டயருக்கு. நான் கான்ட்ராக்டரிடம் போய்க் கேட்டேன். அந்த ஆள் டீயை ஆற்றிக்கொண்டே, "விதி அப்படி இருந்தா நான் என்னப்பா செய்ய முடியும்" என்றார். முக்குளித்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த டீ டம்ளரைப் பிடுங்கி அவர் முகத்தில் ஊற்றாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பிடித்து நிறுத்தியது அவர் சொன்ன அடுத்த வார்த்தை. "நீ போனா என்ன, காட்டுல இருந்து ஒரு பளியனக் கூட்டியாந்து இடுப்புல கயித்தக் கட்டி எறக்குறேன். அவனுக மூச்சடக்குவானுக." சொன்னால் செய்கிற ஆள்தான். தேனெடுக்கிற மனுஷன் ஒருத்தன் சிலிண்டரும் இல்லாமல் அந்த மதகுக்குள் சாகப்போகிறான் என்றால் நான் எப்படிப் போவது? பையைக் கீழே வைத்தேன்.

பெரிய சிலிண்டரை நிரப்பிக் கொண்டுவந்தார்கள். குட்டியை, ராசியில்லாத சனியன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். கொன்றவர் ராசி பார்க்கிறார்.

நல்ல உச்சி வெயில். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், இருட்டும் கிடையாது, மழையும் கிடையாது. தண்ணீரில் நின்றபோது வாய் தானாகவே "ஸ்டெப்னி?" என்று கேட்டுவிட்டது. கரையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. முத்தையா தலையைக் குனிந்துகொண்டான்.

கீழே மரத்தை அறுத்து முடிக்கிற சமயம், அது சரிந்து என் கயிற்றை மதகோடு சேர்த்து நசுக்கிக்கொண்டது. மேலே சைகை போகவில்லை. கயிற்றை வெட்டக் கத்தியைத் தேடினேன், கைக்கு வரவில்லை. பதற்றத்தில் மூச்சு வேகமாகப் போய், கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் இறுக ஆரம்பித்தது. இழுக்கிறேன், காற்று வரவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம், இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தே போயிற்று.

நம்பினால் நம்புங்கள். வாய்க்குழாய் ஒன்று என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

கடித்தேன். காற்று வந்தது. ரப்பர் நாற்றம், வெயிலில் கிடந்த பழைய டியூபின் நாற்றம். இரண்டு மூச்சு இழுத்தேன். பிறகு அதை யாரோ என் வாயிலிருந்து மெதுவாக எடுத்தார்கள். பிடுங்கவில்லை, எடுத்தார்கள். கொச்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். ஒரே குழாயை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டி வந்தால் உனக்கு இரண்டு மூச்சு, எனக்கு இரண்டு மூச்சு. நானும் சவரியும் எத்தனை தடவை பழகியிருப்போம். அவன் முறை முடிகிற நேரம் சரியாகக் குழாய் என் உதட்டுக்குத் திரும்பி வந்தது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

கத்தி கிடைத்து, கயிற்றை வெட்டிக்கொண்டு மேலே ஏறினேன். ஏறுகிற வழியெல்லாம் அதே கணக்கு. எனக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. நான் இரண்டு மூச்சு இழுத்து, குழாய் கையை விட்டுப் போன மறுவிநாடி என் தலை வெளியே வந்துவிட்டது. என் இடுப்பில் எதுவும் தொங்கவில்லை. சுற்றிலும் தண்ணீர்தான்.

கரையேறியபோது என்னைப் பார்க்க யாரும் ஓடி வரவில்லை. எல்லோரும் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். பின்னால் தொங்கிய டயர் தொய்ந்து கிடந்தது.

"யாருமே தொடலீங்கண்ணே," என்றான் முத்தையா. "மூடிகூட இறுக்கித்தான் இருக்கு. சும்மா நின்னவாக்குல சீறுச்சு. ஒரேயடியா இல்ல. இழுக்கும், நிக்கும். இழுக்கும், நிக்கும்."

கான்ட்ராக்டர் அவனுக்கு ஒரு அறை விட்டார், டயரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று. கொடைக்கானலில் கடையில் கொடுத்து டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள். நானும் கூடவே நின்றேன். ஒரு குமிழி வரவில்லை. பஞ்சரே இல்லை, காற்று எப்படிப் போகும் என்று கடைக்காரர் எங்களையே திருப்பிக் கேட்டார்.

காற்றில்லாத மயக்கத்தில் மூளை என்னென்னவோ காட்டும் என்று ஒரு டாக்டர் சொன்னார். சரி, வைத்துக்கொள்வோம். டயருக்குமா மயக்கம்? அந்தக் கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு பங்களா கட்டி, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் சுகமாகச் செத்தார். ஆவி பழிவாங்கும் என்கிறார்களே, அதை மட்டும் நான் இன்றைக்கும் நம்புவதில்லை. சவரி வந்தது பழிவாங்க இல்லை. தனக்குக் கிடைக்காமல் போனதை என்னிடம் கொடுக்க வந்தான். அதில் பாதியை அவனும் இழுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. நான் மேலே வந்தபோது அது அவன் முறை. அதற்கப்புறம் என் முறை வர வேண்டும். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எனக்காகக் காத்திருந்திருப்பானோ என்று தோன்றும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"தூங்கும்போது ஏங்க அப்படிச் செய்றீங்க? ரெண்டு மூச்சு விடுறீங்க, அப்புறம் நிறுத்திர்றீங்க. மறுபடி ரெண்டு. யாருக்கோ வழி விட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

இன்னும் அப்படித்தான் தூங்குகிறேனாம். அவளிடம் நான் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை.