நிப்பாட்டாம பேசுங்க வாப்பா

உடலையும் கருவிகளையும் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது என் வேலை. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தில், இருமலின் ஒலியை வைத்தே நுரையீரல் நோயை ஊகிக்கும் செயலியைக் காட்டினார்கள். செல்பேசியை நீட்டிய பொறியாளர், "அடக்காம இருமுங்க மேடம்" என்றார். எனக்கு எங்கள் உச்சிப்புளி வீட்டு டேப் ரெக்கார்டர் நினைவுக்கு வந்தது.

வாப்பா சவூதியில் சிமெண்டு ஆலையில் இருந்தார். கேசட்டில் பேசி அனுப்புவார். விடுமுறையில் வரும் ஊர்க்காரர் யாராவது கொண்டுவந்து தருவார்கள். கேட்கும்போது பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தாழப் பறந்தால், உம்மா டேப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

எனக்கு ஏழு வயதான வருடம் வந்த கேசட்டில் பேச்சுக்கு நடுவே நடுவே 'டக்' என்று ஒரு சத்தம். "நான் நல்லா இருக்கேன்." டக். "பிள்ளை ஓதுறாளா?" டக்.

"டேப்பு தேஞ்சுபோச்சு மச்சி, வேற வாங்கு" என்று உம்மாவிடம் சொன்னார் மாமி, வாப்பாவைக் 'காக்கா' என்று கூப்பிடும் தங்கை.

"டேப்பு நல்லாத்தான் இருக்கு. ஒன் காக்காதான் இருமல் வாரப்பல்லாம் பட்டனை அமுக்கி நிப்பாட்டுறாக."

"ஆமா, ஒனக்கு மட்டும் அது கேக்குதாக்கும்!"

உம்மா சிரிக்கவில்லை. அந்த 'டக்' வரும் இடங்களையே சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுக் கேட்டார். என் பெயர் வரும் இடத்துக்காக நான் காத்திருந்தேன்.

பதில் கேசட்டில் என்னைப் பேசவைத்தார். "நிப்பாட்டாம பேசச் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கேப்பாக." சொன்னேன். நிறையப் பேசச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நோன்புக்கு முன்னால் அடுத்த கேசட் வந்தது. அதில் ஒரு 'டக்'கும் இல்லை. வாப்பா என் பெயரைச் சொன்னார், இருமினார். நெடுநேரம் இருமினார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார், மறுபடி இருமல். உம்மா ஸ்பீக்கரில் காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். தலைக்குமேல் ஹெலிகாப்டர் போனது. அவர் டேப்பை நிறுத்தவில்லை.

முடிந்ததும் புதுக் கேசட்டைப் போட்டு, "சம்பாரிச்சது போதும். வந்துருங்க" என்று மட்டும் பதிந்தார்.

"இதுல வாப்பா ஒண்ணுமே பேசல" என்று நான் அழுதேன்.

"இதுலதாம்மா பேசிருக்காக."

எனக்கு அது சமாதானமாகவே இல்லை. நான் நல்லா இருக்கேன் என்று வாப்பா சொல்லும் அந்தப் பழைய கேசட்டைப் போடச் சொல்லி, அன்று முழுக்க அடம்பிடித்தேன்.