பிளக்கைச் சொருக மறுத்த பூபாலன்

துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் பூபாலனின் கண் பிணத்தைத் தேடாது. பிளக் பாயிண்டைத் தேடும். உறவுக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர் சுவரோரம் குனிந்து டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். "பெரிய பிளக்கு எங்கம்மா கீது? அழுவலாம் இரு, மொதல்ல கரண்ட்ட காட்டு." இந்தக் கேள்விக்கு எப்பேர்ப்பட்ட ஒப்பாரியும் கொஞ்சம் நின்றுதான் தொடரும். மாமியாரை இழந்த மருமகள்கள் சட்டென்று இடத்தைக் காட்டிவிடுவார்கள் என்பது அவருடைய நீண்டகால ஆராய்ச்சியின் முடிவு.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை, பிணம் வைக்கும் வாடகை ஐஸ் பெட்டி என்றால் பூபாலன்தான். குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டி, அதன் கண்ணாடி மூடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டுதான் கிளம்புவார். போன் பேச ஓரமாக வண்டியை நிறுத்தினால் போதும், எதிர்வீட்டுக்காரர் பதறி வெளியே வந்து, "இங்க எல்லாரும் நல்லாத்தான் கீறோம், நைனா" என்று அறிக்கை கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள்கூட, "வண்டிய மட்டும் ஊட்ல வுட்டுட்டு வந்துரு அண்ணாத்தே" என்று கேட்டுக்கொள்வதுண்டு. பூபாலன் கோபித்துக்கொள்ள மாட்டார். "இன்னிக்கு வேணான்றான். ஒருநாளு அவனே கூப்புடுவான்" என்பார். அதில் மிரட்டல் எதுவும் இல்லை.

சாவு விழாமலே அவரை உள்ளே கூப்பிட்ட இடம் ஒன்றே ஒன்று. பாரிவாக்கத்தில், விற்ற மனைக்கும் விற்காத மனைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட சின்ன புத்த விகாரை. அங்கிருந்த வயதான பிக்கு தம்மசீலரைச் சீடர்கள் 'பந்தே' என்பார்கள். அது போதிய மரியாதை இல்லை என்று கருதிய பூபாலன் 'பந்தே ஐயா' என்பார். பக்கத்துத் தெருவில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பியவரை பந்தே கையைக் காட்டி அழைத்து டீ கொடுத்தார். தொழிலைப் பற்றியும் விசாரித்தார். அதுவரை பூபாலனிடம் வாடகையைத் தவிர வேறெதையும் எவரும் விசாரித்ததில்லை. "முகமெல்லாம் எப்படிப்பா இருக்கும்?" என்று பந்தே கேட்டபோது, கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை பூபாலன் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தே அவரைச் சபையின் முன் உட்காரவைத்து, "இன்னிக்கு இவர் பேசுவார்" என்றும் அறிவித்துவிட்டார். பிணத்துக்கு அஞ்சாத பூபாலன் மைக்குக்கு அஞ்சினார். "எல்லாரும் வந்துதான் ஆவணும். அவசரம் இல்ல, மெதுவா வாங்க." அன்றைய தம்ம உரை அத்தோடு முடிந்தது. மேற்கொண்டு ஒரு சொல்லும் சேர்க்க பந்தே மறுத்துவிட்டார்.

அந்த பந்தே இந்த ஆடியில், விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆவடி ஃபேக்டரியில் ஓய்வுபெற்று விகாரையின் செயலாளராக இருக்கும் ஆனந்தன், அழுவதற்கு நேரமின்றி ஏற்பாடுகளில் இறங்கினார். நாக்பூரிலிருந்து பிக்குகள் வர வேண்டும், பிரமுகர்கள் வர வேண்டும், ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். மூன்று நாளைக்குப் பெட்டி வேண்டும்.

பூபாலன் வந்தார். பெட்டியை இறக்கினார். புத்தர் சிலைக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருந்தது. ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பாயில் பந்தே படுத்திருந்தார்.

"சொருகுங்க பூபாலன்" என்றார் ஆனந்தன்.

"வேணா சார். சாயங்காலத்துக்குள்ள எடுத்துருங்க. அவரே சொல்லிகீறாரு."

"பெட்டிக்காரரே பெட்டி வேணாங்கறாரு" என்றாள் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் வசந்தகுமாரி. "வேற ஆளுக்குப் போன் போடுங்க சார்."

"இத்தனை வருஷம் கூடவே இருந்த எங்ககிட்ட சொல்லாததை உங்ககிட்டயா சொன்னாரு? எங்க வச்சு சொன்னாரு?" ஆனந்தனுக்குக் குரல் ஏறியது.

பூபாலன் மூடியைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள வச்சு."

ஆனந்தன் குனிந்து மூடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாசி மாசம் சார். பொட்டிய கய்வி இங்க வாசல்ல காயவச்சிருந்தேன். பந்தே ஐயா வந்து தொறன்னாரு, தொறந்தேன். செருப்ப கய்ட்டிட்டு ஏறிப் படுத்துகினாரு. உசுரோட ஒருத்தர இதுக்குள்ள நான் பாத்ததே இல்ல. மூடுன்னாரு. மாட்டேன்னேன். மூடுப்பா சும்மான்னாரு. மூடினேன். கம்முனு கெடந்தாரு, மூச்சு பட்டு கண்ணாடி மங்கிப்போச்சு. அப்பால வெரலால தட்டினாரு. தொறந்தா, எய்ந்து உக்காந்து சிரிக்கிறாரு. 'நல்லாத்தான் இருக்கு பூபாலா. ஆனா வர்றவங்களுக்காக இதுக்குள்ள காத்துக்கிட்டுக் கிடக்க எனக்கென்ன வேலை? போன அன்னிக்கே எரிச்சுடணும். என்னை இதுல போடமாட்டேன்னு சொல்லு'ன்னாரு. போடமாட்டேன்னு சொல்ட்டேன்." ஒயரை இன்னும் இறுக்கிக்கொண்டார். "இதுல படுத்தவங்கள்ல எய்ந்து வந்தது அவரு ஒருத்தருதான் சார். அவரத் திருப்பிப் போடச் சொல்றீங்களா?"

பொய் என்று சொல்ல ஆனந்தன் வாயெடுத்தார். வசந்தகுமாரி முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "செய்வாரு. செய்யிற ஆளுதான் சார் அவரு" என்றாள். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. காலையிலிருந்து அந்தக் கூடத்தில் எழுந்த முதல் அழுகை அதுதான். ஆனந்தன் வெளியே போய், நாக்பூர் பிக்குகளிடம் வர வேண்டாம் என்று போனில் சொல்லும் சத்தம் கேட்டது.

ஃப்ளெக்ஸுக்குப் படம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் பாயில் இருந்த முகத்தைப் பார்த்தார்கள். பூபாலனும் பார்த்தார். திடுக்கிட்ட முகம், பேச்சை முடிக்காத முகம், யாரையோ தேடும் முகம் என்று அவர் பார்க்காத வகை இல்லை. இந்த முகம் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போனதாகத் தெரியவில்லை. இதை எந்த வகையில் சேர்ப்பதென்று புரியாமல், ஆராய்ச்சிக்காரர் மறுபடி மறுபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு வீட்டில் பெட்டி வேண்டுமாம். பந்தேயின் இறுதி ஊர்வலத்துக்கு நிற்க முடியாது. பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டி வண்டியைக் கிளப்பியவர், மறுபடி அணைத்துவிட்டு இறங்கினார்.

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும். அதிலும் ஐஸ் பெட்டிக்காரர் சொல்லிக்கொண்டு கிளம்பினால் அடிக்கவே வருவார்கள். பூபாலன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாயருகே மண்டியிட்டுக் கைகூப்பினார். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"போய்ட்டு வரேன், பந்தே ஐயா."