இரண்டு நூல் கோணல்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நானும் என் நண்பனும் கூட்டாக மரப்பட்டறை நடத்தினோம். எழுபதுகளின் நடுப்பகுதி. இருவருக்கும் முப்பது வயது இருக்கும். அவன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பிள்ளை. கடையில் உட்காராமல் மரத்தூளில் புரள்கிறான் என்று அவன் அப்பாவுக்குக் கோபம். பட்டறையை நிமிர்த்திக் காட்ட வேண்டும் என்கிற வெறியில் இருந்தான். அதற்காகச் சென்னைக்குப் போய் மோட்டார் ரம்பம் ஒன்றை லாரியில் ஏற்றிவந்தான். நல்ல மிஷின் விற்கும் விலையில் பாதிக்குக் கிடைத்தது என்று சொன்னான். பச்சைப் பெயின்ட் பளபளத்தது.

முதல் வாரமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கு மிஷினின் மேசைமேல் ஓர் இரும்புச் சட்டம் உண்டு, கைடு என்போம். காலையில் மூலைமட்டம் வைத்து நேராக இறுக்குவேன். பத்து மரச்சட்டம் அறுப்பதற்குள் அதன் பின்முனை ரம்பத்தின் பக்கம் நகர்ந்திருக்கும். ரம்பம் சுழலும்போது லேசாக ஆடவும் செய்தது. சட்டங்கள் ஒரு முனைக்கு மறுமுனை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வித்தியாசமாக வந்தன. அவனிடம் சொன்னால், உனக்குக் கைவாகு போதவில்லை என்பான். சண்டைக்குச் சோம்பி நானும் அறுத்துக்கொண்டே போனேன். அது என் தப்பு.

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதிக்கு ஜன்னல் செய்யும் வேலை அது. முதல் தவணையாகப் பன்னிரண்டு ஜன்னல்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்த மேஸ்திரி ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் கோணல். கதவு மேலே இடித்தது, கீழே விரல் நுழைந்தது. அவர் முதல் ஜன்னலைத் தூக்கிக் கருங்கல் குவியலில் அடித்தார். இரண்டாவதை எடுக்கும்போது என் நண்பன் அவர் சட்டையைப் பிடித்தான்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். சித்தாள்கள் ஓடினார்கள். யாரோ சவுக்குக் கழியால் என் முதுகில் அடித்தார்கள். மேஸ்திரியின் முழங்கை என் வாயில் பட்டு ஒரு பல் மணலில் விழுந்தது. என் நண்பன் உடைந்த ஜன்னல் சட்டத்தால் அவர் தோளைப் பிளக்கப் பார்த்தான். நாலு பேர் அவனைக் குப்புறத் தள்ளி, ஈர சிமென்டில் முகத்தைத் தேய்த்தார்கள்.

பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். பட்டறைக்குள் நுழைந்ததும் அவன் மூலைமட்டத்தை என்மேல் வீசினான். அது காதோரம் கிழித்துக்கொண்டு போனது. நான் அவன் கழுத்தைப் பிடித்துத் தகரத்தில் மோதினேன்.

"மிஷினு கோணல்டா. உன் மிஷினு," என்றேன்.

"தள்ளத் தெரியாம தள்ளிகினு மிஷின கொற சொல்றியா? இரு, நான் அறுத்துக் காட்றேன்."

அவன் மோட்டாரைப் போட்டான். கைடைச் சரிபார்க்கவில்லை. நான் பார்க்கச் சொல்லவும் இல்லை. ஒரு வேங்கைச் சட்டத்தை எடுத்து, நெஞ்சால் முட்டுக்கொடுத்துத் தள்ளினான். பாதி தூரத்தில் கைடு நகர்வதை நான் பார்த்தேன். மரம் ரம்பத்துக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கியது. மோட்டார் உறுமியது. மறுகணம் அந்தச் சட்டம் திரும்பி வந்து அவன் இடது விலாவில் இறங்கியது. மல்லாந்து விழுந்தான். அலறவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அந்தக் கணத்தில், ஓடிப்போய் அவனைத் தூக்குவதற்கு முன்னால், 'இப்பத் தெரிஞ்சுதா' என்றுதான் நினைத்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் நினைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைக் கிழித்தார்கள். மண்ணீரல் சிதைந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். பிழைப்பான் என்று மறுநாள் காலையில் சொன்னார்கள். நான் நேராகப் பட்டறைக்கு வந்து சம்மட்டியை எடுத்தேன். அந்த மிஷின்மேல் எத்தனை அடி என்று தெரியாது. கை மரத்துப்போகும்வரை அடித்தேன். மேசை இரண்டாகப் பிளந்தது. உள்ளே பார்த்தால் வார்ப்பிரும்பு முழுக்க ஓட்டை. கைடைப் பிடித்திருந்த இடத்தில் இரும்பே இல்லை, ஓட்டையை மறைக்கும் மக்குப் பசையை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த மக்கு விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது.

ஒரு துண்டைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவன் அப்பா கட்டிலருகில் இருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவன் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "கைடு நவுந்துது மச்சான். நானே பாத்தேன்," என்றான். பிறகு, "உன்ன அடிச்சிட்டேன்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேஸ்திரியிடம் போய்க் கெஞ்சி, மீதி ஜன்னல்களை நான் கைரம்பத்தால் அறுத்து, அந்தக் கட்டடத்திலேயே உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தேன். அவன் தேறினான். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள், துணிக்கடைக்கே போனான். அந்தப் பக்கம் போனால் உள்ளே கூப்பிட்டு டீ வாங்கித் தருவான், நாங்கள் எதையெதையோ பேசுவோம். அவன் தரையில் கிடந்தபோது நான் நினைத்ததை மட்டும் அவனிடம் சொன்னதில்லை.